இஸ்திரி வண்டி எங்கே நிக்கும் மச்சி?

ஏழைங்களுக்கு வீடு கட்டறதுக்கு முன்னாடி இன்ஜினீயரைக் கேட்கறாங்க, கான்ட்ராக்டரைக் கேட்கறாங்க, பேங்க்கைக் கேட்கறாங்க. குடியிருக்கப் போறவங்களை..?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். உங்க கையில ஒரு ஏக்கர் நிலத்தைக் கொடுத்து, 'இதுல நூறு ஏழைக் குடும்பத்துக்கு வீடு பிளான் போடு'ன்னா என்ன பண்ணுவீங்க?

'இது சிவில் பசங்க சமாச்சாரம், ஆளை விடுங்க பாஸ்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. சிவில் பசங்களான நாங்களே இதுல பல்பு வாங்கின கதையைத்தான் சொல்லப்போறேன்.

நான் சிவில் மூணாவது வருஷம். போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்களுக்குக் கிடைச்ச தலைப்பு, 'குறைந்த செலவு வீடுகள்'. நாலு பேர் டீம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஹாஸ்டல்ல உட்கார்ந்து, டீயா குடிச்சு, ஆட்டோகேட்ல பின்னியெடுத்தோம். தரைத் தளமும் அதுக்கு மேல மூணு மாடியும். வீட்டுக்குள்ள வெளிச்சம், காத்து எல்லாம் கணக்குப் பார்த்தாச்சு. நடுவுல பார்க். பார்க் நடுவுல ஒரு ஃபவுன்டன் வேற! சும்மா ஜொலிச்சுது.

ரிவ்யூவுக்கு முந்தின நாள். எங்க டீம்ல அதிகம் பேசாத ஒருத்தன், ஸ்கிரீனை ரொம்ப நேரம் பார்த்துட்டுக் கேட்டான்.

"மச்சி, இதுல இஸ்திரி வண்டி எங்கே நிக்கும்?"

எல்லாரும் கெக்கேபிக்கேனு சிரிச்சோம். அவன் சிரிக்கலை.

"மீன் கூடையை எங்கே வெச்சுக் கழுவுவாங்க? தள்ளுவண்டியை ராத்திரி எங்கே கட்டிப் போடுவாங்க? மூணாவது மாடியில ஒரு சாவு விழுந்தா ஐஸ் பெட்டியை எப்படி ஏத்துவீங்க? இந்தப் படி திரும்பற இடத்துல அது திரும்பாதுடா."

ஸ்கேல் வெச்சுப் பார்த்தோம். திரும்பாது.

"உனக்கெப்படிடா இதெல்லாம் தெரியும்?"னு கேட்டேன். மூணு வருஷமா 'எந்த ஏரியா?'ன்னு கேட்டா, 'சோழிங்கநல்லூர் பக்கம்'னு மட்டும்தான் சொல்லியிருக்கான். அன்னிக்குத்தான் முழு அட்ரஸைச் சொன்னான். ஓ.எம்.ஆர். பக்கத்துல இருக்கற மறுகுடியமர்வுக் குடியிருப்புகள்ல ஒண்ணு. ஆத்தங்கரையில இருந்த அவங்க வீட்டை இடிச்சப்போ அவன் ஆறாங்கிளாஸ். அரைப் பரீட்சைக்கு ரெண்டு வாரம் முன்னாடி லாரி வந்து நின்னுச்சாம்.

அவன் பேரையும் ஏரியா பேரையும் இங்கே போடலை. அடுத்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கு. "அட்ரஸைப் பார்த்ததும் மூஞ்சி மாறிடுதுன்னு எங்க ஏரியா அண்ணனுங்க சொல்றாங்கடா"ங்கறான். ஒரு வீட்டு அட்ரஸை மறைக்க வேண்டியிருக்குன்னா, தப்பு அந்த வீட்டுல இருக்கறவங்க மேலயா, அந்த வீட்டை அங்கே பிளான் போட்டவங்க மேலயா?

'வேலையை அங்கயே விட்டுட்டாங்களே!'

அந்த ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா பழைய ஏரியாவுல வீட்டு வேலை செய்யறவங்க. அப்போ நாலு வீடு, எல்லாம் நடந்து போற தூரம். இப்போ ரெண்டு பஸ் மாறணும். அதனால ரெண்டு வீடுதான் பார்க்க முடியுது.

"வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. கக்கூஸ் இருக்கு, கரன்ட்டு இருக்கு, மழைக்கு ஒழுகலை. குடிசையில இதெல்லாம் இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனா எங்களைக் கொண்டாந்து இங்கே வெச்சுட்டு, வேலையை அங்கயே விட்டுட்டாங்களே!"

"வர்றதுக்கு முன்னாடி உங்களை யாராவது கேட்டாங்களாம்மா?"

"ஏன் கேட்கலை? ரேஷன் கார்டைக் கேட்டாங்க, ஆதாரைக் கேட்டாங்க, கைரேகை கேட்டாங்க..."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் டீ தொண்டையில இறங்கலை.

பக்கத்துலயே கட்டின காலம்

ஏழைங்கன்னாலே ஊருக்கு வெளியே அனுப்பறதுதான் வழக்கம்னு நினைச்சா, அது தப்பு. நம்ம சென்னையிலேயே வேற மாதிரி நடந்திருக்கு.

1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சாங்க (2021-ல இருந்து இதுக்குப் பேரு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்). ஆரம்ப வருஷங்கள்ல பல இடங்கள்ல குடிசை இருந்த அதே இடத்துலயே மாடிக் குடியிருப்பு கட்டினாங்க. வேலை, ஸ்கூல், அண்ணாச்சி கடைக் கடன் அக்கவுன்ட் எதுவும் மாறலை. கூரை மட்டும்தான் மாறுச்சு.

1977-ல உலக வங்கிக் கடன்ல இன்னொரு ஐடியா வந்துச்சு. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல நிலத்தைச் சின்னச் சின்ன மனையாப் பிரிச்சு, ரோடு, தண்ணி, சாக்கடை வசதியெல்லாம் பண்ணிக் கொடுத்தாங்க. வீட்டை அவங்கவங்க கையில காசு சேரச் சேரக் கட்டிக்கலாம். இந்த வருஷம் ஒரு ரூம், ரெண்டு வருஷம் கழிச்சு மாடி. ஏழைங்க மனை, நடுத்தரக் குடும்பத்து மனை, கடை மனை எல்லாம் கலந்தே இருக்கும். பெரிய மனையை நல்ல விலைக்கு வித்த காசு, சின்ன மனையோட விலையைக் குறைக்க உதவும். இன்னிக்கு அந்தத் தெருக்கள்ல நடந்தா, 'இது ஏழைங்களுக்குப் போட்ட லே-அவுட்'னு கண்டே பிடிக்க முடியாது. ஏன்னா, வீட்டை டிசைன் பண்ணினது அதுல இருக்கறவங்களே. இஸ்திரி வண்டி எங்கே நிக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் காத்து வேற பக்கம் அடிச்சுது. 2000-ல கண்ணகி நகர் வந்துச்சு. அடுத்தடுத்து செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகர்ல மட்டும் 15,000-க்கும் மேல வீடுகள். ஆரம்பத்துல கட்டின வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. பெரும்பாக்கத்துல எட்டு அடுக்கு. லிஃப்ட் நின்னா தண்ணிக் குடத்தோட படியேறணும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரையில இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு வந்தாங்க. பழைய இடத்துல இருந்து 20, 25 கிலோமீட்டர் தள்ளி!

இன்னொரு மேட்டர். 1971-ல குடிசைப் பகுதிகளுக்காகத் தனிச் சட்டமே வந்துச்சு. அந்தச் சட்டப்படி ஒரு இடத்தை 'குடிசைப் பகுதி'ன்னு அறிவிச்சாத்தான் அங்கே ரோடு, தண்ணி, கழிப்பறைன்னு செஞ்சு கொடுக்கப் பிடிமானம் கிடைக்கும். சென்னையில 1971-ல 1,202 பகுதிகளை அறிவிச்சாங்க. 1985-ல இன்னும் 17. அதுக்கப்புறம் பல வருஷத்துக்குப் புதுசா எதையும் சேர்க்கலை. ஆனா, 2011 சென்சஸ்படி சென்னையில நூத்துக்கு சுமார் 29 பேர் குடிசைப் பகுதியில இருந்தாங்க. ஊர் வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு, லிஸ்ட் மட்டும் நின்னுபோச்சு. லிஸ்ட்ல இல்லாதவங்களை யார் கூப்பிட்டுக் கேட்பாங்க?

உங்க தெரு என்ன கலர்?

சரி, இதையெல்லாம் எங்கே, யார் முடிவு பண்றாங்க? இங்கேதான் மாஸ்டர் பிளான் வருது.

மாஸ்டர் பிளான்ங்கறது ஏதோ ரகசிய டாக்குமென்ட் இல்லைங்க. கலர் அடிச்ச ஒரு மேப், கூடவே ஒரு கட்டு விதிமுறைகள். ஊர்ல இருக்கற ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு உபயோகம் குறிச்சிருப்பாங்க. வீடு, கடை, ஃபேக்டரி, விவசாயம், திறந்தவெளினு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர். முப்பது வருஷமா ஜனங்க குடியிருக்கற ஒரு தெரு, மேப்ல 'திறந்தவெளி'ன்னு பச்சையா இருந்தா? அவ்ளோதான். அன்னிலேர்ந்து அதை ஆக்கிரமிப்புன்னு சொல்றது சுலபம். புல்டோசர் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே கலர் பென்சில் வந்துட்டுப் போயிருக்கும்.

அதே பிளான்ல ஒரு வரி நல்லது பண்ணவும் முடியும். 2008-ல வந்த சென்னையோட ரெண்டாவது மாஸ்டர் பிளான் விதிகள்ல ஒண்ணு இப்படி இருந்துச்சு: ஒரு ஹெக்டேருக்கு மேல இருக்கற இடத்துல வீடு கட்டற பில்டர், ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதத்தைக் குறைஞ்ச வருமானக்காரங்க வீட்டுக்கு ஒதுக்கணும். வீடு 45 சதுர மீட்டருக்கு மிகாம இருக்கணும். அதே சைட்லயோ, 2 கிலோமீட்டருக்குள்ளயோ கட்டணும். அந்த '2 கிலோமீட்டர்' எவ்ளோ பெரிய விஷயம்னு பாருங்க. பெரிய ஃப்ளாட்ல வேலை பார்க்கற அக்கா, நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்!

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? மாஸ்டர் பிளானோட வரைவு ரெடியானதும் அரசிதழ்லயும் பேப்பர்லயும் அறிவிப்பு கொடுக்கணும். யார் வேணாலும் எழுத்துல ஆட்சேபணை, ஆலோசனை சொல்லலாம். அதுக்குக் குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் தரணும். 'நேர்ல வந்து சொல்றேன்'னு கேட்டா, கூப்பிட்டுக் கேட்கணும்.

'யார் வேணாலும்'! பட்டா வேணாம், டிகிரி வேணாம், சிபாரிசு வேணாம். நீங்களும் நானும்கூட!

சென்னையோட மூணாவது மாஸ்டர் பிளான் 2026-லேர்ந்து 2046 வரைக்கும். அதுக்கான தொலைநோக்கு ஆவணத்துக்காக சி.எம்.டி.ஏ. 2022-23-லயே மக்கள்கிட்ட கருத்து கேட்க ஆரம்பிச்சுது. 2046-ல நமக்கெல்லாம் நாப்பது வயசு ஆகியிருக்கும். வீடு தேடறது, வாடகை கொடுக்கறது, லோன் கட்டறது எல்லாம் இந்த பிளானுக்குள்ளதான். நம்ம டீம்ல எத்தனை பேர் கருத்து சொன்னோம்? நாலு பேர்ல ஜீரோ. பிளானிங் பாடத்துல பாஸான நாலு பேர்!

மும்பையில நடந்த மேஜிக்

'அட போங்க பாஸ், நாம எழுதிப் போட்டு என்ன ஆகப்போகுது?'னு கேட்கறீங்களா? மும்பைக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

2034 வரைக்குமான மும்பையோட வளர்ச்சித் திட்ட வரைவு 2015 பிப்ரவரியில வெளியாச்சு. பார்த்த ஜனங்களுக்கு ஷாக். ஏற்கெனவே கட்டடம் இருக்கற இடத்துல ரோடு, பழங்காலக் கட்டடங்கள் மிஸ்ஸிங்னு ஏகப்பட்ட குளறுபடி. 2011 சென்சஸ்படி மும்பையில நூத்துக்கு 40 பேருக்கு மேல குடிசைப் பகுதியில இருக்காங்க. ஆனா, அதுக்கு முன்னாடி தயாரிச்ச நில உபயோக மேப்ல அந்த இடங்கள் பெரும்பாலும் வெறும் 'குடிசை'ங்கற பேரோட வெத்தா கிடந்துச்சு. உள்ளே இருக்கற ஸ்கூல், கிளினிக், கடை, பட்டறை எதையும் காணோம்!

ஜனங்க சும்மா விடலை. குடிசைப் பகுதிக்காரங்க, தெரு வியாபாரிங்க, பெண்கள் அமைப்புகள், ஆர்க்கிடெக்ட்டுகள், காலேஜ் பசங்க எல்லாரும் வார்டு வார்டா உட்கார்ந்தாங்க. மேப்பை விரிச்சு, புரியற பாஷையில சொல்லி, தப்பைக் குறிச்சு, ஆட்சேபணை எழுதினாங்க. ஆயிரக்கணக்குல மனுக்கள் குவிஞ்சுது. ரெண்டே மாசம். 2015 ஏப்ரல்ல அப்போதைய முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ், 'தப்பையெல்லாம் திருத்தி மறுபடி கொண்டு வாங்க'ன்னு அந்த வரைவைத் திருப்பி அனுப்பிட்டார். திருத்தின வரைவு 2016-ல வந்து, 2018-லதான் இறுதியாச்சு.

கேட்டதெல்லாம் கிடைச்சுதான்னா, இல்லை. ஆனா, 'மேப் அச்சாயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது'ங்கற டயலாக் அன்னிக்கு செல்லாக்காசாச்சு.

மீட்டிங்குக்கு யார் வர்றாங்க?

இப்ப கொஞ்சம் கசப்பான உண்மை. 'மக்கள் கருத்து'ன்னா எப்பவும் ஏழைங்க பக்கம்தான் நிக்கும்னு நினைச்சுடாதீங்க. பகல் பதினோரு மணிக்கு மீட்டிங் வெச்சா யாரால வர முடியும்? லீவு போட்டா கூலி போகாதவங்களால. நூத்துக்கணக்கான பக்க இங்கிலீஷ் டாக்குமென்ட்டை யாரால படிக்க முடியும்? உங்களுக்கே தெரியும். வர்றவங்கள்ல சிலர், 'எங்க ஏரியாவுல அந்த மாதிரி வீடு வேணாம், நில மதிப்பு குறைஞ்சிடும்'னு சொல்லத்தான் வருவாங்க. அதுவும் மக்கள் கருத்துனுதான் பதிவாகும்!

ஒரு ஹாலைப் பிடிச்சு மைக் வெச்சுட்டா பங்கேற்பு ஆயிடாது. வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல, அவங்க தெருவுலயே, தமிழ்ல, மேப்பைக் காட்டிக் கேட்கணும். அப்பதான் ஐஸ் பெட்டி மேட்டர் வெளியே வரும். எந்த டெக்ஸ்ட் புக்லயும் ஐஸ் பெட்டி இல்லை, நான் தேடிப் பார்த்துட்டேன்.

குடியிருக்கறவங்க கண்ணு எவ்ளோ ஷார்ப்புன்னு இன்னொரு உதாரணம். 2021 ஆகஸ்ட்ல, புளியந்தோப்பு கே.பி. பார்க்ல புதுசா கட்டின குடியிருப்புல சுவர்ப் பூச்சு கையால தேய்ச்சாலே உதிருதுன்னு அங்கே இருந்தவங்க காட்டினது பெரிய நியூஸ் ஆச்சு. அதுக்கப்புறம்தான் ஐ.ஐ.டி. நிபுணர்களை வெச்சு ஆய்வு நடந்துச்சு. டெஸ்ட்டிங் மெஷினுக்கு முன்னாடி, ஒருத்தரோட உள்ளங்கை கண்டுபிடிச்ச விஷயம் அது!

நீங்க என்ன பண்ணலாம்?

* மாஸ்டர் பிளான் சென்னைக்கு மட்டும் இல்லை, பல ஊர்களுக்கு உண்டு. மதுரை, கோவை, திருச்சி, சேலம்... உங்க ஊர் மேப்ல உங்க தெருவோட சர்வே நம்பரைக் கண்டுபிடிங்க. என்ன கலர்னு பாருங்க. அடுத்து, உங்க ஊர்ல இருக்கற குடிசைப் பகுதி என்ன கலர்னு பாருங்க.

* கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்துக்குப் பகுதி சபை இருக்கு. 2022 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டுல முதல்முறையா கூடுச்சு. உங்க வார்டு கவுன்சிலர் ஆபீஸ்ல அடுத்தது எப்போன்னு கேளுங்க. 'காலேஜ் பையன் வந்து கேட்கறானே'ன்னு அவங்களுக்கும் ஒரு ஜெர்க் வரும்!

* வரைவு வெளியானா ரெண்டு மாச கவுன்ட்-டவுன் ஸ்டார்ட். என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரம் நடறதோட நிறுத்தாம, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேப்பை எடுத்துட்டுப் போய் ஒரு தெருவுல விரிங்க. இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லுங்க. அவங்க சொல்றதை அவங்க வார்த்தையிலேயே எழுதுங்க. கையெழுத்து அவங்களோடதா இருக்கட்டும். நீங்க போஸ்ட்மேன் மட்டும்தான், ஹீரோ இல்லை.

* மனுவுல 'ஏழைகளுக்கு நல்லது செய்யுங்கள்'னு பொத்தாம்பொதுவா எழுதினா வேலைக்கு ஆகாது. இந்த சர்வே நம்பர், இந்தக் கலர், இத்தனை வருஷமா இத்தனை குடும்பம், இதை இப்படி மாத்துங்கன்னு நச்சுன்னு எழுதணும். அக்னாலெட்ஜ்மென்ட் வாங்காம நகராதீங்க. நேர்ல பேச வாய்ப்பு வேணும்னும் ஒரு வரி சேருங்க.

* இன்ஜினீயரிங்தான்னு இல்லை. லா படிக்கறவங்க மனு எழுதலாம், சோஷியாலஜி படிக்கறவங்க சர்வே எடுக்கலாம், விஸ்காம் ஆளுங்க வீடியோ எடுக்கலாம், தமிழ் லிட்ரேச்சர்தான் இதுல சூப்பர் ஸ்டார். அந்த ஆவணத்தையெல்லாம் மனுஷ பாஷைக்கு யாராவது மாத்தணுமே!

எங்க ப்ராஜெக்ட் என்னாச்சு?

ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளி வெக்கச் சொல்லிக் கெஞ்சினோம். எங்க சார் முறைச்சுட்டு ஓகே சொன்னார். லேப்டாப்பைத் தூக்கிட்டு அந்தம்மா வீட்டுக்கே போனோம். சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்த பக்கத்து வீட்டு அக்காங்க ஏழெட்டு பேர் வராண்டாவுல சுத்தி உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு மணி நேரம் எங்க பிளானைக் கிழி கிழின்னு கிழிச்சாங்க.

ஃபவுன்டன் போச்சு. அந்த இடத்துல தண்ணிக் குழாயோட ஒரு கழுவற மேடை வந்துச்சு. படி அகலமாச்சு. அதனால நாலு வீடு குறைஞ்சு, நூறு 96 ஆச்சு. அந்த நாலு குடும்பத்தை எங்கே வெக்கறதுன்னு எங்களுக்கு இன்னும் பதில் தெரியலை. அந்த அக்காங்களே அதுக்கு ரொம்ப நேரம் சண்டை போட்டுக்கிட்டாங்க. "மாடியை ஒண்ணு ஏத்து", "வேணாம், லிஃப்ட் வெக்க மாட்டாங்க" "நடுவுல இருக்கற கார் பார்க்கிங்கை எடு, இங்கே யாருகிட்டே கார் இருக்கு?"ன்னு. எங்க கிளாஸ்ல ஒரு செமஸ்டர் முழுக்க நடக்காத டிஸ்கஷன் அந்த வராண்டாவுல நடந்துச்சு.

ரிவ்யூ அன்னிக்கு சார் டிராயிங்கை உத்துப் பார்த்தார். கேட் பக்கத்துல, வேப்பமரத்துக்குக் கீழே, சின்னதா ஒரு செவ்வகம்.

"இது என்னப்பா? எந்தக் கோட்லயும் இப்படி ஒரு சிம்பல் இல்லையே?"

எப்பவும் பேசாத எங்க ஃப்ரெண்ட்தான் பதில் சொன்னான். "இஸ்திரி வண்டி சார். எங்கப்பாவோடது."

என்ன மக்களே... உங்க தெரு என்ன கலர்னு பார்த்துட்டு வர்றீங்களா?